கவலை இல்லாத ஊர்

ஊருக்கு வெளியே ஒரு சின்ன மடம். அங்கே குருவாக இருந்த தவமணியம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் அரங்கண்ணலுக்கு அறுபது தாண்டிவிட்டது. கம்ப்யூட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் மடத்துக்கு வந்தவர்.

ஒருநாள் காலை அவர் கேட்டார்.

"அம்மா, பருவநிலை மாறிக்கிட்டே போகுது. உலகமே பயப்படுது. நம்ம ஊர் ஜனங்களுக்கு மட்டும் ஏன் கவலையே இல்லை?"

"இல்லைன்னு யார் சொன்னது?"

"அவங்களேதான். இந்தக் கோடை முழுக்க பேஸ்புக்ல எழுதினதை எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுத் தலைப்பு வாரியாப் பிரிச்சேன். பருவநிலைன்னு ஒரே ஒருத்தர் எழுதியிருக்கார். அதுவும் கட்டுரைப் போட்டிக்கு."

"அதை வச்சு என்ன செய்யப் போறீங்க?"

"அதிகாரிங்க கேட்டிருக்காங்க. ஜனங்க எங்கே கவலைப்படறாங்களோ, அந்த ஊர்ப் பால்வாடிக்குத்தான் முதல்ல தகரக் கூரையை எடுத்துட்டு ஓடு போடுவாங்களாம். நம்ம ஊர்ல கவலை இல்லைன்னு நாளைக்கு எழுதி அனுப்பணும்."

"மத்ததையும் கொஞ்சம் வாசிங்க."

"அதெல்லாம் சம்பந்தமில்லாததும்மா."

"பரவாயில்லை, வாசிங்க."

அவர் போனை எடுத்து வாசித்தார்.

"சித்திரையில வத்தல் பிழிஞ்சு போட்டா மழை கொட்டுது. வருண பகவானுக்கு யாராவது காலண்டர் வாங்கிக் குடுங்கப்பா."

"இதை எதுல சேர்த்தீங்க?"

"சமையல்."

"அடுத்தது?"

"முருங்கை இந்த வருசமும் பூக்கல. நான் வாழவந்த நேரம்னு மாமியார் சொல்றாங்க. இதைக் குடும்பச் சண்டையில சேர்த்தேன்."

"ம்."

"குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, ராத்திரி தூங்கவே இல்லை, நல்ல பவுடரா சொல்லுங்க. இது அழகுப் பொருள்."

குரு சிரிக்கவில்லை.

அப்போது பவுனு மடத்துக் குழாயடிக்கு வந்தாள். மூன்று வயது மகளைப் பால்வாடியில் விடப் போகிற வழி.

குரு கேட்டார். "பவுனு, பருவநிலை மாறுதாமே. உனக்குக் கவலையா இருக்கா?"

பவுனு தலையைக் குனிந்துகொண்டாள். "அதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம்மா. நான் என்னத்தக் கண்டேன்."

தோளில் கிடந்த துண்டைக் குழாயில் நனைத்தாள். லேசாகப் பிழிந்து மகள் தலையில் கட்டினாள்.

"வேணாம்மா, சொட்டுது."

"அவுத்தேன்னா அடி விழும். அந்தத் தகரம் என்ன உன் மாமனா, பாவம் பாக்க?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"பாத்தீங்களா அம்மா, அவளும் கவலைன்னு சொல்லலையே" என்றார் அரங்கண்ணல்.

"அந்தத் துண்டை எதுல சேர்ப்பீங்க?"

அவர் போனைப் பார்த்தார். பவுனு போன பாதையைப் பார்த்தார்.

"அப்போ நாளைக்கு நான் என்னன்னு எழுதட்டும்மா?"

"என்ன வேணும்னாலும் எழுதுங்க. இங்க மரத்தடியில உக்காந்து எழுதாதீங்க. மத்தியானம் பால்வாடிக்குப் போங்க. பிள்ளைங்க பக்கத்துல உக்காந்து எழுதுங்க."