இழைத்த குச்சிகள்

புற்றுநோய்க்குத் தாடையில் அறுவை முடிந்தவர்களுக்கு, அந்த வார்டில் செவ்வாய்க்கிழமைதோறும் பாடம் உண்டு. சொல்லித் தருபவள் சலேத்மேரி. தூத்துக்குடி சந்தையில் மீன் விற்றவள். ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே நோயோடு இதே வார்டில் படுத்துக் கிடந்தவள்.

பாடம் என்ன பெரிய பாடம், ஐஸ் குச்சிதான். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, இறுகிப்போன வாயைத் திறக்கப் பழக்க வேண்டும்.

மாணவர்களில் மூத்தவர் கோலப்ப ஆசாரி, தச்சர். இரண்டு மாதமாக வெறும் கஞ்சி. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தியோடு பந்தியில் உட்கார்ந்து இலையில் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

அன்றைக்கு ஆசாரி குச்சிகளை வாயிலிருந்து எடுத்து எண்ணிக் காட்டினார்.

"பதினாலு, டீச்சர்!"

"பதினாலா? வாய் அவ்வளவு திறக்கலியே."

சலேத்மேரி ஒரு குச்சியை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். முக்கால் கனம்கூட இல்லை.

"இழைப்புளியா, உப்புத்தாளா?"

ஆசாரி தலையைக் குனிந்துகொண்டார். "உப்புத்தாள்தான். தேய்ச்சுட்டேன்."

"அடப்பாவமே! வேலை சுத்தமாத்தான் இருக்கு."

"உயிர் போற வலி, டீச்சர். கட்டியை எடுத்தாச்சு, உயிரும் பொழைச்சாச்சு. இன்னும் எதுக்கு இந்தப் பாடு?"

"கல்யாணத்துல இட்லியையும் இழைச்சா போடுவாங்க, அண்ணே?"

அவள் புதுக் குச்சிகளைக் கொடுத்தாள். ஒன்பதுதான் நுழைந்தது.

"இதுதான் உங்க கணக்கு. வலிச்சா நிறுத்துங்க. சாயங்காலம் மறுபடி வைங்க."

வைத்தார். வெந்நீர்த் துணியால் கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, தினம் நாலு வேளை வைத்தார். பத்தாவது குச்சி நுழைய எட்டு நாள் ஆனது. பிறகு பதினொன்று.

கல்யாணம் முடிந்த செவ்வாய்க்கிழமை, லட்டுப் பெட்டியோடு வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணரை இட்லி, டீச்சர்! முக்கால் மணி நேரம் ஆச்சு. பந்தியே எழுந்து போச்சு. சம்பந்தி மட்டும் இலையை மடிக்காம என்கூடவே உட்கார்ந்திருந்தாரு. உங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்?"

"மொதல்ல லட்டைக் கொடுங்க."

ஒரு லட்டை முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். ஆசாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நினைச்சது நடந்துட்டு. இனி குச்சியை விட்டுடலாம்லா?"

சலேத்மேரி கைப்பையிலிருந்து ரப்பர்பேண்டு போட்ட குச்சிக் கட்டு ஒன்றை எடுத்தாள். எல்லாம் பல் பதிந்து கறுத்த குச்சிகள்.

"யாரோடது?"

"என்னோடதுதான். விட்டா திரும்ப இறுகிடும். காலையில வச்சுட்டுத்தான் வந்தேன்."

"ஏழு வருஷம் ஆச்சே! இன்னுமா?"

"நாளைக்கும் பசிக்கும்லா, அண்ணே."