தேனீ வேலைக்குப் போன தளபதி

என்ன, ராஜா கதைன்னதும் இளவரசி எப்ப வருவா, ராட்சசன் எப்ப வருவான்னு சப்பணம் போட்டு உக்காந்துட்டீங்களா? இளவரசியும் இல்ல, ராட்சசனும் இல்ல. இருக்கறது ஒரு பூசணிக்கொடியும் ஒரு வீங்கின மூக்கும்தான். பிடிச்சா கேளுங்க.

முன்னொரு காலத்துல குறும்பை நாட்டை வச்சிரபாகுன்னு ஒரு ராஜா ஆண்டாரு. ஒருநாள் சபைக்கு வந்தா, மூக்கு கத்திரிக்காய் மாதிரி வீங்கியிருக்கு.

"மாமரத்தடியில கண்ண மூடிச் சாமி கும்பிட்டுட்டு இருந்தேன். தேனீ வந்து கொட்டிருச்சு," ன்னாரு.

பின்னால சாமரம் வீசிக்கிட்டிருந்த சடையன் லேசா இருமினான்.

"ராஜ மூக்கு மேலயே கை வச்சிருக்கு. போர்தான் மகாராஜா," ன்னாரு தளபதி இடும்பர்.

"தேனீ போனா தோட்டத்துல காய் பிடிக்காதுங்களே," ன்னாரு மந்திரி கொன்றைநாதர்.

"மந்திரிக்கு ஈயக் கண்டாலே பயம் போல," ன்னாரு இடும்பர்.

ராஜா சிரிச்சாரு. மூக்கு வலிச்சதால பாதியிலயே நிறுத்திக்கிட்டாரு.

தாரை தப்பட்டையோட படை கிளம்பிச்சு. வைக்கோல் புகை போட்டு, இருந்த கூடு அத்தனையும் கலைச்சுட்டு, கழுத்துல வெற்றி மாலையோட திரும்பினாரு இடும்பர்.

அந்த நாட்டுல ஒரு வழக்கம். ஆயுத பூஜையன்னைக்கு அரண்மனைத் தோட்டத்துலயே காய்ச்ச பூசணிக்காயத்தான் ராஜா தலையச் சுத்தி உடைக்கணும். சந்தைக் காய் ஆகாது. உடைச்சாத்தான் ராஜா யானை ஏறலாம். அந்த வருஷம் கொடி என்னவோ பூவாப் பூத்துத் தள்ளுச்சு. ஆனா அடியில பிஞ்சு வச்ச பூவெல்லாம் வெம்பி வெம்பி உதிர்ந்துச்சு.

"காய் பிடிக்காதுன்னு மந்திரி வாய வச்சாரே, அதான் மகாராஜா," ன்னாரு இடும்பர்.

"பூஜைக்குக் காய் வரலேன்னா, மந்திரி, நீங்க நாட்டு எல்லையத் தாண்டிடுங்க," ன்னாரு ராஜா.

கொன்றைநாதர் தலைப்பாகையக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு வீட்டுக்கு நடந்தாரு. இந்த வயசுல எந்த நாட்டுக்குப் போய் எந்த ராஜாவத் தாங்கறது? யோசனையோட வீட்டுக் கொல்லைக்குப் போனா, முருங்கை மரத்துல ஒரே இரைச்சல். தளபதி விரட்டின தேனீக்கள்ல ஒரு கூட்டம் அங்க குடியேறியிருக்கு. மனசு குளுந்துச்சு. ஆனா இப்பவே கொண்டுபோனா இடும்பர் மறுபடி புகை போடுவாரே.

மறுநாள் சபையில கேட்டாரு. "மகாராஜா, ஒரு சந்தேகம். ஒருத்தர் சமையக்காரர விரட்டிட்டா, யார் சமைக்கறது?"

"விரட்டினவர்தான்."

"தேனீய விரட்டினது?"

சபை மொத்தமும் இடும்பரப் பாத்துச்சு.

"ஆண்பூவுத் தூள எடுத்துப் பெண்பூவுல தடவணும், அவ்வளவுதான். தேனீ நடுவுல ஒரு கல்யாணத் தரகர். அவர நாம நாடு கடத்திட்டோம்," ன்னாரு மந்திரி.

"ஈ செய்யற வேலைய நான் செய்ய மாட்டேனா?" ன்னு மீசைய முறுக்கினாரு இடும்பர்.

பூசணிப்பூ விடியறப்ப விரியும், வெயில் ஏறினா வாடிரும். இருட்டு பிரியறதுக்குள்ள தளபதி, இடுப்புல வாளும் கையில கோழி இறகுமாக் குந்தி உக்காந்து, ஒரு பூவுத் தூளத் தொட்டுப் பக்கத்துப் பூவுல தடவினாரு.

"தளபதியாரே, ரெண்டும் மாப்பிள்ளை வீடு," ன்னாரு மந்திரி. "பொண்ணு வீடு அந்தப் பக்கம்."

"தெரியும்யா."

பிஞ்சு நின்னுச்சு, காயாச்சு. பூஜையும் நடந்துச்சு, ராஜா யானையும் ஏறினாரு.

"அடுத்து பாகல், வெள்ளரி, பரங்கி," ன்னாரு மந்திரி. "அப்புறம் தென்னந்தோப்பு. தளபதிக்கு மரம் ஏற வருமா?"

இடும்பர் இடுப்பப் பிடிச்சுக்கிட்டே ராஜா கால்ல விழுந்தாரு. "தேனீயே வரட்டும் மகாராஜா. புகை போட்டது என் தப்பு."

ராஜா, இடும்பர் கழுத்துல இன்னமும் காஞ்சு கிடந்த அந்த வெற்றி மாலையக் கழட்டி மந்திரி கழுத்துல போட்டாரு. கொன்றைநாதர் முருங்கை மரத்துத் தேனீக்கூட்டத்த ஒரு பானையில பிடிச்சுக் கொண்டுவந்து மாமரத்துல விட்டாரு. சுத்திப் பெரிய கூட்டம். ராஜா தொண்டையச் செருமிக்கிட்டாரு.

"ஒரு தப்பும் பண்ணாம, சிவனேன்னு சாமி கும்பிட்டுட்டிருந்த என்னையக் கொட்டின தேனீய மன்னிச்சேன்."

சாமரம் நின்னுபோச்சு.

"தேன் திருடத்தானே மகாராஜா மேல ஏறினீங்க," ன்னான் சடையன். "ஏணியப் பிடிச்சதே நான்தானே."