அமல்தாஸ் முதலில் கேட்டது

என்னை முதலில் ஏமாற்றியவன் அமல்தாஸ். அவனுக்குப் பிறகு பலர் ஏமாற்றினார்கள். வரிசையில் முதல் ஆள் அவன்தான்.

இதைச் சொல்லத்தான் சலோமியிடம் போனேன்.

சலோமி எங்கள் சுரங்க ஊரில், பஜார் தெருவில், ஒற்றை அறையில் ரெக்கார்டு பிளேயர் பழுது பார்ப்பவர். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் எங்களுக்குக் காது சோதித்தவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். அவரிடம் கெட்டுப்போன மிஷினோடு வருகிறவர்கள் உண்டு. தீராத வழக்கோடு வருகிறவர்களும் உண்டு. இரண்டையும் அவர் ஒரே மேசையில் வைத்துத்தான் பிரிப்பார் என்று ஊரில் சொல்வார்கள்.

எனக்குப் போக விருப்பமில்லை. ஆனால் என் வழக்கைக் கேட்க வேறு ஆள் மிச்சமில்லை.

"அவன் எனக்கு ஒரு கடன் தரணும்மா," என்றேன்.

"என்ன கடன் அண்ணே?"

"முதல் தடவை."

சலோமி ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

நான் சொன்னேன்.

அமல்தாஸும் நானும் ஒரே டிரில் மிஷினில் வேலை பார்த்தவர்கள். ஒருநாள் அவன் பிடிப்பான், நான் தள்ளுவேன். மறுநாள் மாற்றிக்கொள்வோம். பூமிக்கு அடியில் அந்த மிஷின் போட்ட சத்தத்துக்கு ஈடாக ஒரு பாட்டு இருக்க முடியாது என்று நினைத்திருந்தோம்.

1988இல் பெங்களூரில் ஒரு கடை வாசலில் நின்றபோது அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது. உள்ளே யாருடைய கேசட்டோ ஓடிக்கொண்டிருந்தது. த்ராஷ் மெட்டல் என்றான் கடைக்காரன். பேர் எங்களுக்குப் புரியவில்லை. சத்தம் புரிந்தது.

அந்த வகையில் ஓர் இசைத்தட்டு கேட்டோம். எடுத்துக் கொடுத்தான். அட்டையில் இரண்டாகப் பிளந்த ஒரு மணி. மேலே பிரிக்காத பிளாஸ்டிக் உறை. ஒருவர் சம்பளத்தில் அதை வாங்க முடியாது. இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினோம்.

திரும்பும்போது ரயிலில் பேசி வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கோயில் பூசை முடிந்ததும் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து உறையைப் பிரிப்பது. அதுவரை தட்டு அவன் வீட்டில் இருக்கட்டும். பிளேயர் அவனிடம்தான் இருந்தது.

சனிக்கிழமை எனக்கு நைட் ஷிப்ட். நான் கீழே இருந்தேன். அவன் மேலே இருந்தான்.

ஞாயிறு காலை போய்ப் பார்த்தேன். உறை இல்லை.

"பிரிச்சுட்டாரா?" என்றார் சலோமி.

"ஊசி சரியா இருக்குதான்னு பார்த்தானாம். ரெண்டு பக்கமும் பார்த்திருக்கான்."

"அதுதான் கோபமா?"

அது இல்லை என்றேன். தட்டைப் போட்டதும் அவன் விரலைத் தூக்கினான். இரு, இப்போ வரும் பாரு என்றான். வந்தது. இப்போ நிக்கும் பாரு என்றான். நின்றது. பாட்டில் நான் போகிற ஒவ்வோர் இடத்திலும் அவன் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தான். என்னால் தாங்க முடியவில்லை. தட்டை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் பாதியில் எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு நான் அவன் வாசலை மிதிக்கவில்லை.

ஆனால் எங்களுடையது லைன் வீடு. அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் மண் பூசிய மூங்கில் தட்டி. அவ்வளவுதான் சுவர். ஞாயிறு தவறாமல் அவன் அந்தத் தட்டைப் போட்டான். நான் இந்தப் பக்கம் படுத்துக் கிடந்தேன்.

முப்பத்தாறு வருடம். சுரங்கத்தை மூடினார்கள். அவன் மகளைக் கட்டிக் கொடுத்தான். நான் மனைவியைப் புதைத்தேன். தட்டு நிற்கவில்லை.

இப்போது அதைக் கேட்கப் பெங்களூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எல்லோருக்கும் கறுப்புச் சட்டை. அந்தத் தட்டைவிட வயதில் சின்னவர்கள். அவன் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு என் வாசல் வரைக்கும் வருகிறது. புது அச்சு கடையில் கிடைக்கிறதாம், போனில் சும்மாவே கிடைக்கிறதாம். ஆனாலும் பழைய அச்சின் கனம் எதிலும் இல்லையாம். அவனை அங்கிள் என்கிறார்கள். அவனும் பெங்களூர் போய் வாங்கிய கதையைச் சொல்கிறான். அந்தக் கதையில் நான் இல்லை. ரயிலில்கூட இல்லை.

"அப்படி என்ன இருக்குது அண்ணே அந்தத் தட்டுல?"

டிரில் மிஷினைப் பிடிப்பதுபோல் கையை வைத்துச் சொன்னேன்.

"கீழே மிஷின் ஓடும். திடீர்னு நிறுத்துவோம். அப்போ ஒரு நிமிஷம், மொத்த பூமியும் நம்மைப் பார்க்கிற மாதிரி இருக்கும். அது அந்தத் தட்டுல இருக்கு."

சலோமி தலையை ஆட்டினார். நாளைக்கு வரச் சொன்னார்.

மறுநாள் போனபோது தட்டு அவர் மேசையில் இருந்தது. பிளந்த மணி வெளுத்துப்போயிருந்தது.

எப்படிக் கொடுத்தான் என்று கேட்டேன். கேட்டதும் எடுத்துக் கொடுத்தாராம். ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. அவன் தரமாட்டேன் என்பான், அப்போது சொல்ல வேண்டும் என்று முப்பத்தாறு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் வீணாகப் போயிற்று.

சலோமி என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். ஊசியை இறக்கினார்.

கண்ணை மூடிக்கொண்டேன். நடுவில் சுவர் இல்லை. விரல் இல்லை. அவன் இல்லை.

தும் தும் தும் தும்.

காத்திருந்தேன். தும் தும். அடியில் ஏதோ புரண்டது. தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த அதே சத்தம்.

"தேஞ்சுபோச்சு," என்றேன். "வாராவாரம் போட்டுத் தேய்ச்சே தின்னுட்டான். எனக்குச் சக்கைதான் மிச்சம்."

சலோமி அலமாரியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்தார். அதே மணி, பளபளவென்று. பெங்களூர்க்காரர் ஒருவர் பிளேயரோடு விட்டுப்போன புது அச்சு. அதைப் போட்டார்.

தும் தும் தும் தும்.

மிஷின் சரியில்லை என்றேன். மிஷினை மாற்றினார். ஸ்பீக்கர் மட்டம் என்றேன். அதையும் மாற்றினார். அறை சின்னது என்றேன். அதற்கு அவர் ஒன்றும் செய்யவில்லை. தட்டை நிறுத்திவிட்டு எழுந்து எனக்குப் பின்னால் போனார்.

நெடுநேரம் சத்தமே இல்லை.

"என்னம்மா பண்றே பின்னாடி?"

அவர் முன்னால் வந்தார். கையில் ஒரு சாவிக்கொத்து. என் மூக்குக்கு நேராக அதைப் பிடித்து ஆட்டினார். பத்துப் பதினைந்து சாவிகள் ஒன்றோடொன்று மோதுவதைப் பார்த்தேன்.

பார்த்தேன். அவ்வளவுதான்.

"இவ்வளவு நேரம் இதைத்தான் ஆட்டினேன் அண்ணே."

சாவிகளை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"சில்வண்டு கடைசியா எப்போ கேட்டீங்க?"

"தைல மரத்தையெல்லாம் வெட்டினதும் அதுங்க போயிடுச்சு."

"போகலை. கீச்சுச் சத்தம்தான் உங்க காதுக்கு எட்டலை."

எனக்குக் கோபம் வந்தது. எத்தனை தடவை நீயே என் காதைச் சோதித்தாய், ஒவ்வொரு தடவையும் நல்ல காது என்றுதானே எழுதினாய் என்று கேட்டேன்.

சலோமி சிரித்துவிட்டார். சோதனையில் காதுக்கு ஹெட்போன் மாட்டுவார்கள். அவர் ஒரு பட்டனை அழுத்துவார். சத்தம் கேட்டதும் நாங்கள் கையைத் தூக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் மேலே வேலைக்குப் போட்டுவிடுவார்கள், கீழே இறங்குவதற்குத் தரும் படிப்பணம் போய்விடும். அதனால் நாங்கள் யாரும் காதை நம்பவில்லை.

"எல்லாரும் என் விரலைப் பார்த்துக் கை தூக்கியிருக்கீங்க," என்றார். "ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்கே தெரிஞ்சுது."

மேசைமேல் இருந்த இரண்டு தட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு எந்த வருஷம் வரைக்கும் நல்லாக் கேட்டிருக்கும்?"

"மிஷினுக்கு வந்து எத்தனை வருஷத்துல இதை வாங்கினீங்க?"

"ரெண்டு வருஷம்."

"அப்போ கேட்டிருக்கும். எல்லாமே கேட்டிருக்கும்." அவர் சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். "அந்த ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுல என்ன கேட்டீங்க அண்ணே?"

தேடினேன்.

அன்றைக்கு அவன் போட்டிருந்த கோடு போட்ட சட்டை இருந்தது. அடுப்பில் கொதித்த கறியின் வாசனை இருந்தது. சுத்தியல் பட்டுக் கறுத்த நகத்தோடு அவன் தூக்கிய விரல் இருந்தது. நான் எழுந்த வேகத்தில் ஸ்டூல் விழுந்தது இருந்தது.

பாட்டு இல்லை.

சலோமி பழைய தட்டை உறையில் போட்டு என் கையில் கொடுத்தார்.

"கொண்டுபோய்க் கொடுத்துடுங்க."

"நானா?"

"இன்னிக்கு அவர் காதும் உங்க காதும் ஒண்ணுதான்," என்றார். "ஆனா காது நல்லா இருந்தப்போ, அந்தச் சனிக்கிழமை, அவர் தனியா உட்கார்ந்து கேட்டிருக்கார்."

அமல்தாஸ் இரும்புக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தலையில் முடி இல்லை. பக்கத்து வீடுதான். இருந்தாலும் நேருக்கு நேர் நின்று அவன் முகத்தைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"இன்னாடா கோதண்டம்," என்றான், நேற்று ஷிப்டில் பிரிந்தவன் மாதிரி.

தட்டைக் கட்டில்மேல் வைத்தேன். அதைப் போட எழுந்தான். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"உனக்கு இப்போ இதுல இன்னா கேட்குது?"

மறைப்பான் என்று நினைத்தேன். மறைக்கவில்லை.

"தும் தும்தான். பத்துப் பதினைஞ்சு வருஷமா அவ்வளவுதான்."

"அப்புறம் ஏண்டா வாராவாரம் போடறே?"

"போட்டா மீதி ஞாபகம் வருது."

தரையில் உட்கார்ந்தேன்.

"சொல்லு," என்றேன்.

"இன்னாத்த?"

"முதல்ல இருந்து. இன்னா வரும், எங்கே நிக்கும். ஒண்ணு விடாம சொல்லு."

கேலி செய்வான் என்று பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

முதலில் டிரம் கிடையாது என்றான். ஒரே ஒரு கிதார், தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி, மெல்லிசாக. முப்பத்தாறு வருடத்தில் அப்படி ஒன்று தட்டியைத் தாண்டி வந்ததே இல்லை. அது நிஜமாகவே இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றான். அப்புறம் டிரம். அது எனக்குத் தெரியும், மேலே சொல்லு என்றேன். பாடுகிறவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் மூச்சு இழுப்பது கேட்கும் என்றான். டிரம்மோடு தொங்குகிற வெண்கலத் தாளத்தை அடித்த பிறகு அதன் ஒலி அடங்குகிற நேரத்தில் ஒருவன் சாமி கும்பிட்டு முடித்துவிடலாம் என்றான்.

மூன்றாம் பாட்டு முடிந்து எல்லாம் நிற்கிற இடத்துக்கு வந்தான். அங்கே நிறுத்தினான்.

"அங்கே ஒருத்தன் விரல் கம்பியிலே வழுக்கும்டா. தப்புதான். எடுக்காம விட்டுட்டானுங்க. ஈ முனகற மாதிரி அவ்வளவு சின்னதா கேட்கும். அதைக் கேட்கத்தான் அந்தச் சனிக்கிழமை மறுபடி மறுபடி போட்டேன்."

இவ்வளவையும் இவன் ஒருத்தனே வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"அந்த இடத்தை மறுபடி சொல்லு."

சொன்னான். நான்கு தடவை கேட்டேன். நான்கு தடவையும் சொன்னான். அப்புறம் அவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது, எங்கள் எல்லோருக்கும் கல்தூசி கொடுத்த இருமல். அடங்குகிறவரை காத்திருந்தேன்.

"மீதி?" என்றேன்.

"ஒரு பக்கம் முடிஞ்சுதில்லே. நாளைக்கு வாடா."

"இன்னொரு பக்கம் நீ எனக்குப் பாக்கி," என்றேன்.

எழுந்திருக்கவில்லை.