செண்பகவடிவின் இதர ஈடுபாடுகள்

மினிபஸ் கண்டக்டர் பேச்சிமுத்து வாயைத் திறந்தால் அவர் பஸ் ரோட்டை விட்டு வானத்தில் ஓடும். மகள் செண்பகவடிவுக்கு அது பழகிப்போன சங்கதிதான். ஆனால் இன்றைக்கு அவளுடைய காலேஜ் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். அம்பாசமுத்திரத்து பிரௌசிங் சென்டர் நடத்தும் ஜெரால்டு அவள் மார்க்கையெல்லாம் ஏற்றிவிட்டு விண்ணப்பத்தின் ஒரு கட்டத்தில் வந்து நின்றான்.

“அண்ணாச்சி, படிப்பு தவிர பிள்ளை வேற என்ன செய்யும்னு காலேஜ்காரன் கேக்கான். ஒண்ணுதான் போட முடியும். இன்டர்வியூல அதைப் பத்திதான் கேப்பாங்களாம்.”

வடிவு எந்தப் போட்டிக்கும் போனவள் இல்லை. அதற்குள் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“நீச்சல்னு போடும் வே. போன வருச வெள்ளத்துல குதிச்சு அக்கரைக்குப் போயிட்டு வந்தா.”

“எனக்கு நீச்சல் தெரியாதுப்பா.”

“தெரியாமலே போனா பாத்துக்கிடும், அதுதான் சாதனை. இவளைப் பாத்ததும் தண்ணி ரெண்டடி ஒதுங்கிச்சு.”

“சர்டிபிகேட் இருக்கா அண்ணாச்சி?”

“வெள்ளத்துல போயிட்டு.”

ஜெராக்ஸ் எடுக்க நின்ற, அவர்கள் தெருவைச் சேர்ந்த ரோசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கேட்க ஆள் சேர்ந்ததும் பேச்சிமுத்துவுக்குச் சுருதி ஏறியது.

“அப்ப சிலம்பம். அடைமழையில இவ கம்பைச் சுத்தினா ஒரு பொட்டு கீழ விழாது. எங்க தெருவே அடியில நின்னுதான் சோறு பொங்கிச்சு. நெல்லு கூட காயப்போட்டாங்க.”

“மழையில வெயிலுக்கு எங்க போனாங்க?” என்றான் ஜெரால்டு.

“கம்பு சுத்துன சூட்டுல காஞ்சிச்சு வே. அதுவும் பத்தாதா? செஸ். கண்ணைக் கட்டிக்கிட்டு நாப்பது பேரோட ஆடினா. எதிராளி ராஜா தானா கட்டத்தை விட்டு இறங்கி வந்து, யானை ரெண்டையும் இவகிட்ட ஒப்படைச்சிட்டுப் போயிட்டாரு. அதுகளுக்குக் கரும்பு வாங்கியே எனக்குத் தாவு தீந்துபோச்சு.”

“இன்டர்வியூல யானை எங்கேன்னு கேட்டா நான்தானப்பா பதில் சொல்லணும்” என்றாள் வடிவு.

ரோசம்மாள் முந்தானையை இறக்கினாள். “அண்ணே, என் மகளுக்கு மாப்பிள்ளை பேசுனப்ப அவங்ககிட்ட நீங்க என்ன சொன்னீங்க?”

“நல்லதாத்தான் சொன்னேன்.”

“எங்களுக்கு இருவது ஏக்கர் மாந்தோப்பு இருக்குன்னீங்க. நாங்க இருக்கது வாடகை வீடு. நாங்கதான் ஏமாத்திட்டோம்னு அவங்க கோவிச்சுட்டுப் போனாங்க. இந்தப் பிள்ளைதான் பின்னாலயே போயி, ரெண்டு நாள் அங்கயே உக்காந்து பேசி, கல்யாணத்தை நடத்திக் குடுத்துச்சு.”

வடிவு அதை ஒரு வேலையாக நினைத்ததே இல்லை. எண்ணிப் பார்த்தால், அப்பா பஸ் ஓடும் வழியெல்லாம் அவர் அளந்த கதையால் வந்த சண்டையைத் தீர்க்க அவள் படியேறாத வீடு குறைவு. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ‘அக்கம்பக்கத்தாருக்குள் சமாதானம் பேசி வைத்தல், நான்கு வருடங்களாக’ என்று அடித்தாள்.

பேச்சிமுத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“இதையெல்லாம் நம்புவாங்களா?” என்றார்.

ஜெரால்டு அடுத்த கட்டத்தைக் காட்டினான். “வாரத்துக்கு எத்தனை மணி நேரம்னு கேக்கான்.”

“அது அப்பாவைப் பொறுத்தது” என்றாள் வடிவு. “இப்போதைக்கு முப்பதுன்னு போடுங்கண்ணே.”