உம் கொட்டிய மைக்

உடுமலைப்பேட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் இரண்டு மைக்குகள் ஒரே மேஜையில் குடியிருந்தன. ஒன்றுக்குத் தலையில் சிவப்புப் பஞ்சுக் குல்லா, இன்னொன்றுக்கு மஞ்சள் குல்லா. ஒரே பெட்டியில் வந்து இறங்கிய உடன்பிறப்புகள்தான். ஆனால் உடன்பிறந்தவர்கள் ஒத்துப்போக வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

கடைக்காரி கோகிலவாணி வாரம் முழுக்க ஊருக்கு இருமல் மருந்து கொடுப்பவள். ஞாயிறு வந்துவிட்டால் அவளைக் கையில் பிடிக்க முடியாது. யாரையாவது தேடிப் பிடித்துக் கூட்டி வந்து, மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைத்து, பேட்டி எடுத்து, பாட்காஸ்ட்டாகப் போடுவாள். கேட்கிற கூட்டத்தை ஒரு மினி பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டருக்குப் படுக்க இடம் மிஞ்சும். அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து, முதலில் தொண்டையைக் கனைத்து, பிறகு தன்னை மறந்து பேச ஆரம்பிக்கும் அந்த நேரத்துக்காகத்தான் அவள் வாரம் முழுவதும் காத்திருந்தாள்.

விருந்தாளி பேசுவது சிவப்புக்குல்லாவில் விழும். கோகிலவாணி பேசுவது மஞ்சள்குல்லாவில் விழும். அங்கேதான் வந்தது வினை.

"இன்னைக்கு எனக்கு ஒரு யானை டாக்டர். மதம் பிடிச்ச யானைக்கு ஊசி போட்ட கதை முழுசா எங்கிட்டத்தான் இருக்கு. உனக்கு என்ன கிடைச்சுது?" என்று கேட்கும் சிவப்புக்குல்லா.

"ஒரு 'ம்'. அப்புறம் இன்னொரு 'ம்'. நடுவுல ஒரு 'ஐயோ!'" என்று முனகும் மஞ்சள்குல்லா.

அதுவாவது மிஞ்சுமா என்றால், கிடையாது. மடிக்கணினிக்குள் ஒரு கத்தரி இருந்தது. பேட்டி முடிந்ததும் அது உள்ளே புகுந்து, கோகிலவாணி கொட்டிய 'ம்'களை எல்லாம் களை பிடுங்குவதுபோல் பிடுங்கி எறியும். கேட்பவர்களுக்கு இடைஞ்சலாம்.

"கத்தரியண்ணா, ஒண்ணே ஒண்ணையாவது விட்டு வையேன். நான் பொறந்ததுக்கு ஒரு 'ம்'மாவது வெளியில போயி யார் காதுலயாவது விழட்டுமே" என்று கெஞ்சியது மஞ்சள்குல்லா.

"அட போப்பா. சாப்பாட்டுல கறிவேப்பிலை மாதிரி நீ. வாசத்துக்குப் போடுவாங்க, திங்கறப்ப ஒதுக்கிருவாங்க" என்றது கத்தரி. அது பிறவியிலேயே வெட்டிப் பேசும் சுபாவம் கொண்டது.

ஒரு வேலையைச் சரியாகச் செய்து, அது சரியாகக் குப்பைக்குப் போவதைப் பார்ப்பதைவிடக் கொடுமை வேறு உண்டா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர் நாச்சிமுத்து. கல்யாண மண்டபங்களில் பந்தி விசாரிக்கும் ஆள். வரப்போவது பெரிய பேச்சுக்காரர் என்று தெரிந்ததும் சிவப்புக்குல்லாவுக்குத் தலை கால் புரியவில்லை.

"ஏய் ஒயரு! கழுத்தை இப்படி நெரிக்காதே. நான் நிமிர்ந்து நிக்கணும், கொஞ்சம் தளர்ந்து இரு" என்று அதட்டியது.

"உத்தரவுங்க" என்றது ஒயர். பல நாள் அதட்டல் வாங்கிய ஒயர் அது. கொஞ்சம் தளரச் சொன்னால் முழுவதுமே விட்டுவிட்டது. பார்வைக்கு மாட்டியதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

இது கோகிலவாணிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். ஆனால் நாச்சிமுத்து வந்து உட்கார்ந்ததும் அவள் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டாள்.

"மாட்டிக்குங்க அம்மிணி, பரவால்ல" என்றார் அவர்.

"அதெப்படிங்ணா, வீட்டுக்கு வந்தவங்க பேசறப்ப காதை மூடிட்டு உக்காந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள் கோகிலவாணி.

கேட்பதற்காக மாட்டுவதை மரியாதைக்காகக் கழற்றி வைத்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பதிவு செய்யும் பெட்டியில் மஞ்சளின் விளக்கு மட்டும் எரிந்தது, சிவப்பின் விளக்கு எரியவில்லை. மஞ்சள்குல்லா அதைப் பார்த்துவிட்டு, "நல்லா வேணும்" என்று முதலில் சிரித்தது. அடுத்த நிமிஷம் அதற்குத் திக்கென்றது. கதை முழுவதும் போய்விட்டால் தன் 'ம்'மை யார் சீண்டுவார்கள்? கத்திக் கத்திப் பார்த்தது. மைக் பேசுவது மனிதர் காதில் விழுமா?

இரைச்சல் கேட்கக்கூடாது என்று கோகிலவாணி மின்விசிறியை நிறுத்தினாள். நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தயாரானார்.

"கல்யாணத்துக்குக் கூப்பிடாம வர்ற ஆளை எப்படிங்ணா கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"அது சுலுவுங்க அம்மிணி. சொந்தக்காரன் எலையில உக்காந்ததும் உப்பு இல்ல, காரம் இல்லம்பான். கூப்பிடாம வந்தவன் ரசத்தைக்கூடப் பிரமாதம்பான். பாராட்டறவன் பக்கத்துல போயி நின்னா ஆளைப் பிடிச்சிறலாம்."

கோகிலவாணி சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது.

"ஒருத்தர் இருந்தாருங்க. தங்க பிரேம் கண்ணாடி, பட்டு வேட்டி. எந்தக் கல்யாணம்னாலும் மொதப் பந்தி. ஒரு நாள் கையப் பிடிச்சு, வாங்க பொண்ணுகிட்டயே கேட்டுரலாம்னு மேடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். பொண்ணு என்ன பண்ணுச்சு தெரியுங்களா? மாப்பிள்ளை வீட்டுப் பெரியவருன்னு நெனச்சு, எந்திரிச்சு அந்தாளு கால்ல விழுந்திருச்சு!"

"ஐயையோ! அப்புறம்?"

"அட்சதை போட்டு ஆசீர்வாதம் பண்ணிட்டு, திரும்பி என்னைப் பார்த்து, 'பாயசம் இருக்கா?'ன்னு கேட்டாருங்க. அதுக்கப்பறம் அவரு எனக்குச் சிநேகிதம். என்ற மக கல்யாணத்துக்கு நானே போயிப் பத்திரிகை வெச்சேன். மொதப் பந்தியில எலையைப் போட்டு வெச்சுட்டு வாசலையே பாக்கறேன், ஆளைக் காணோம்."

"ஏங்ணா வரல?"

"அப்பறம் கேட்டேனுங்க. 'பத்திரிகை வெச்சு கெடுத்துட்டியே நாச்சிமுத்து, கூப்பிட்ட வீடுன்னா மொய் வெக்கணுமல்லோ'ன்னாரு!"

கோகிலவாணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படி ஒரு பேட்டி இதுவரை அமைந்ததில்லை. நாச்சிமுத்துவைப் பஸ் ஏற்றிவிட்டு மாடிப்படியில் ஓடி வந்தாள், மின்விசிறியைப் போட்டாள், பதிவை ஓட்டினாள்.

சிவப்பின் பக்கம் மயான அமைதி. மஞ்சளின் பக்கம் இப்படி இருந்தது:

"ம்... ம்... அப்படீங்களா?... (சிரிப்பு)... ம்ம்... கால்லயா!... ஐயையோ! அப்புறம்?... (பெருஞ்சிரிப்பு)... ம்... அச்சச்சோ... ஏங்ணா வரல?... (மூக்கு உறிஞ்சும் சத்தம்)"

நடுநடுவே நாச்சிமுத்துவின் குரல் கிணற்றுக்குள் விழுந்தவர் கூப்பிடுவதுபோல் லேசாகக் கேட்டது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கோகிலவாணி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். சிவப்புக்குல்லா முதன்முறையாக ஒயரின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டது.

"சொல்லும்மா, மொத்தத்தையும் வழிச்சு எடுத்துரலாம். ஒரே வெட்டுதான்" என்று கத்தரி வாயைத் திறந்துகொண்டு நின்றது.

மஞ்சள்குல்லா கண்ணை இறுக மூடிக்கொண்டது. இத்தனை 'ம்' ஒரே இடத்தில் சேர்ந்து இருந்தது இதுதான் முதல் தடவை. இதுவும் போகப்போகிறது.

அந்த நேரம் பார்த்துக் கதவருகே யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. கோகிலவாணியின் கணவர் சென்னியப்பன், எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எதற்குச் சிரிக்கிறோம் என்றே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி ஓட்டு புள்ள."

"கதையே விழுகலீங்க. நான் 'ம்' கொட்டுனது மட்டும்தான் இருக்குது."

"அது போதும், ஓட்டு."

ஓட்டினாள். அவர் உட்காராமலேயே கேட்டார். அவள் குரல் 'ம்' என்றபோது அவர் தலை தானாக ஆடியது. 'அப்புறம்?' என்றபோது டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பதிவு முடிந்தது. காபியில் ஆடை படிந்திருந்தது.

"இவ்வளவு அழகா 'ம்' கொட்டுவியா நீயி?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "கண்ணாலம் ஆனதுல இருந்து எனக்கு ஒண்ணுகூட விழுகலையே புள்ள" என்றார்.

கோகிலவாணிக்குச் சுருக்கென்றது. விட்டுக்கொடுக்காமல், "நீங்க என்னத்தச் சொன்னீங்க, நான் 'ம்' கொட்டறதுக்கு?" என்றாள்.

"நீ என்னத்தக் கேட்டே, நான் சொல்றதுக்கு?"

யானை டாக்டரிலிருந்து பந்தி விசாரிப்பவர் வரை ஊரையே கூப்பிட்டுக் கேட்டாயிற்று. ஒரே வீட்டில் இருக்கும் இந்த மனிதரை அவள் ஒரு கேள்வி கேட்டதில்லை.

மடிக்கணினியை மூடினாள். கத்தரி திறந்த வாயோடு உள்ளேயே மாட்டிக்கொண்டது. நாச்சிமுத்து உட்கார்ந்த நாற்காலியைத் தட்டிச் சுத்தம் செய்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்க. மொதமொதல்ல காயில் கட்டுன மோட்டார் யாருதுங்க?"

சென்னியப்பன் தொண்டையைக் கனைத்தார். "அது ஒரு பெரிய கூத்து..." என்று ஆரம்பித்தார். மைக்கை யாரும் போடவில்லை, மின்விசிறியை யாரும் நிறுத்தவில்லை.

"ம்" என்றாள் கோகிலவாணி.

"அதையும் நீ பிடிக்கலையே!" என்று குத்தலாகக் கேட்டது சிவப்புக்குல்லா.

"நான் எதுக்கு? அது போய்ச் சேர வேண்டிய காதுலயே விழுந்துருச்சு" என்றது மஞ்சள்குல்லா.