சிலம்பாயி பார்த்த வெள்ளைக் கோடு

அந்தக் காலத்தில் தேவாங்குக்கு மிளகளவு கண்தான் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பாவிட்டால் போங்கள், எனக்கென்ன. மிருகங்களும் பறவைகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேச்சு என்று இருந்தால் சண்டையும் இருக்கும், புளுகும் இருக்கும். இந்தக் கதையில் இரண்டும் உண்டு.

ஒரு கரட்டுக் குன்றில், உசிலை மரத்தில், காத்தமுத்து என்ற தேவாங்கும் அவன் பெண்சாதி சிலம்பாயியும் குடியிருந்தார்கள். சிலம்பாயிக்குத் தலைப்பிள்ளை, நிறைமாசம். அந்தக் கரட்டு உச்சியில் ஒரு பாறை உண்டு. கார்த்திகைக் கடைசியில் மூன்று ராத்திரி எரிநட்சத்திரம் கொட்டப் போகிறது என்று கூகை சொல்லும். சொன்ன உடனே முயலும் எறும்புதின்னி அழுங்கும் பாறையில் போய் மல்லாந்துவிடும். அதனால் வயிறு நிறையுமா, ஒன்றும் கிடையாது. வானத்தைப் பார்க்கிற கிறுக்கு, அவ்வளவுதான்.

சிலம்பாயிக்கும் அந்தக் கிறுக்கு உண்டு. போன வருஷம் ஆசையாகப் போனாள், மூன்று நாளும் ஒரே மூட்டம். இந்த வருஷம் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது, அவளால்தான் மரத்தைவிட்டு இறங்க முடியவில்லை.

"நீங்க போய்ப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. எப்படி இருந்துச்சுன்னு ஒன்னு விடாமச் சொல்லணும்" என்று புருஷனை அனுப்பினாள்.

காத்தமுத்து ஊர்ந்து ஊர்ந்து பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது நடுச்சாமம். "வா தம்பி, இங்கே ஆளுக்கு ஒரு திசை, உனக்குத் தெற்கு. யார் என்ன சொன்னாலும் அந்தப் பக்கத்தைவிட்டுக் கண்ணை எடுக்காதே" என்றது கூகை.

அவன் உட்கார்ந்ததும் முயல், "கிழக்கே, கிழக்கே" என்றது. காத்தமுத்து கழுத்தைத் திருப்பினான். தேவாங்கு கழுத்தைத் திருப்பி முடிப்பதற்குள் நாம் ஒரு வெற்றிலை போட்டுத் துப்பிவிடலாம். கிழக்கே ஒன்றுமில்லை. அதற்குள் அழுங்கு, "மேற்கே பாரு" என்றது. அங்கேயும் ஒன்றுமில்லை. கூகை இவனைப் பார்த்து, "தெற்கே இப்பத்தானே ரெண்டு போச்சு, பாக்கலையா?" என்றது. விடியும்வரை இதே கூத்துதான். சொன்ன பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிக் கழுத்து வலித்ததே தவிர, ஒன்றுகூட அவன் கண்ணில் படவில்லை.

சரி, பார்த்தவர்களையாவது கேட்போம் என்று கேட்டான்.

"பச்சையா, நிதானமா உருண்டு போச்சு" என்றது கூகை.

"பச்சையாவது ஒன்னாவது, பால் வெள்ளை. நூல் கணக்கா இருந்துச்சு" என்றது முயல்.

"நல்லாப் பாத்தீங்களா ரெண்டு பேரும்? சிவப்பு. உஸ்ஸுன்னு சத்தம்கூடக் கேட்டுச்சு" என்றது அழுங்கு. எறும்பு மூக்கில் ஏறினால்தான் அதற்கு எறும்பே தெரியும், அது கிடக்கட்டும்.

காத்தமுத்துவுக்குத் தலை சுற்றியது. இவர்கள் சொல்வது ஒன்றையா, மூன்றையா? "அண்ணே, விழுந்துச்சே, எங்க விழுந்துச்சு? போய்ப் பாத்துட்டு வந்துரலாமே" என்று கூகையைக் கேட்டான்.

"அது எங்கயும் விழல, தம்பி."

"அப்ப வானத்துல ஒரு நட்சத்திரம் குறைஞ்சிருக்கணுமே?"

"குறையாது. அது நட்சத்திரமும் இல்லை."

நாலு பேர் சேர்ந்து தன்னைக் கேலி பண்ணுகிறார்களா என்றுகூடக் காத்தமுத்துவுக்குத் தோன்றியது. நாலு பேரில் தானும் ஒருவன் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

மரத்துக்குத் திரும்பினால் சிலம்பாயி தூங்காமல் காத்திருந்தாள். "பாத்தீங்களா?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "பாத்தேன் புள்ள" என்றான். எப்படி இருந்தது என்று கேட்டாள். மூன்று பேர் சொன்னதையும் ஒன்றாகக் குழைத்துவிட்டான். நிலா அளவு பெரிசு, பச்சை உடம்பு, சிவப்பு வால், உஸ்ஸென்ற சத்தத்தோடு மலைக்கு மலை உருண்டு போனது என்றான். சிலம்பாயி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "கேட்டுக்கிட்டியா, உங்கப்பா பாத்துட்டாரு" என்று உள்ளே இருந்த பிள்ளைக்குச் சொன்னாள். அவனுக்கு நெஞ்சில் முள் தைத்தது.

மறுநாள் ராத்திரியும் போனான். அன்றைக்கும் அதே கழுத்துவலிதான் மிச்சம். திரும்பி வந்தபோது சிலம்பாயி ஒரு மாதிரியாக இருந்தாள்.

"நானும் ஒன்னு பாத்த மாதிரி இருந்துச்சுங்க. கிளை இடுக்குல, வெள்ளையா ஒரு கோடு. என்னன்னு நிதானிக்கிறதுக்குள்ள இல்ல. உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. அப்புறம்தான் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. பச்சையும் இல்ல, வாலும் இல்ல, சத்தமும் இல்ல. அப்ப அது அது இல்லதானே? ஏதோ பூச்சி பறந்திருக்கும். நான் ஒரு கிறுக்கச்சி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் அந்தக் கிளை இடுக்குக்கே போய்ப் போய் வந்தது.

காத்தமுத்துவுக்கு எதை எங்கே வைப்பது என்று புரியவில்லை. பார்த்தவள் பார்க்கவில்லை என்கிறாள், பார்க்காதவன் பார்த்தேன் என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறான். ஆமாம், நீ பார்த்தது அதுதான் என்று சொல்லிவிடலாமா? அது அதுதானா என்று அவனுக்கே தெரியாதே. இல்லை என்று சொன்னால் பாவம். கடைசியில் உள்ளதைச் சொல்லிவிட்டான்.

"நான் ஒன்னுமே பாக்கல, சிலம்பாயி. நேத்தும் பாக்கல, இன்னைக்கும் பாக்கல. அவங்க சொன்னதைச் சேர்த்துச் சொன்னேன்."

சிலம்பாயி மெல்லக் கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்தாள். பிறகு, "என் கண்ணை நானே நம்பாமப் போயிட்டேனே. உங்க பேச்சைத்தானே நம்பினேன்" என்றாள்.

அடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"அப்ப நான் பாத்தது என்னங்க?"

"தெரியலையே. வேணும்னா கூகை அண்ணனைக் கேட்டுட்டு வரட்டா?"

"இன்னொருத்தர் வாயால கேட்டதெல்லாம் போதும். நாளைக்கு ஒரு ராத்திரிதான் பாக்கி. நீங்க எங்கயும் போகவேணாம். நான் பாத்த இடத்தையே என்கூட உக்காந்து பாருங்க."

மூன்றாம் ராத்திரி இருவரும் அந்தக் கிளையில் உட்கார்ந்தார்கள். காலால் கிளையைப் பற்றிக்கொண்டார்கள். மிளகளவு கண், அதுவும் பனி இறங்க இறங்கத் தானாகச் சொருகியது. சொருகினால் போச்சு. காத்தமுத்து இரண்டு கைவிரலாலும் இமைகளைப் பிடித்து மேலும் கீழுமாக இழுத்து வைத்துக்கொண்டான். அவனைப் பார்த்து அவளும் அப்படியே செய்தாள்.

பாறையிலிருந்து முயல் "கிழக்கே" என்று கத்தியது. காத்தமுத்துவின் கழுத்து துடித்தது, ஆனால் திரும்பவில்லை. "மேற்கே" என்றது அழுங்கு. திரும்பவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது, இமை எரிந்தது, விரல் மரத்துப்போனது. சாமம் போய்ச் சாமம் வந்தது, கிளை இடுக்கில் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. இது என்ன பைத்தியக்காரத்தனம், விரலை எடுத்துவிடலாமா என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தபோது இடுக்கில் ஒரு வெள்ளைக் கோடு இழுபட்டு அழிந்தது.

"அதானேங்க?" என்றாள் சிலம்பாயி, மெதுவாக.

ஆமாம் என்று சொல்ல நாக்கு எழுந்தது. முதல்நாள் ராத்திரியும் இதே நாக்குதான் எழுந்தது. காத்தமுத்து அதை அடக்கிக்கொண்டான்.

"வெள்ளையா இருந்துச்சு. கோடா இருந்துச்சு. சத்தம் இல்ல. நீ சொன்னது அத்தனையும் நானும் பாத்தேன். அது அதுதானான்னு மட்டும் எனக்குத் தெரியல, புள்ள. இன்னொன்னு வரட்டும், பாத்துட்டுச் சொல்றேன்."

சிலம்பாயிக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள், பார்வையை மட்டும் இடுக்கைவிட்டு எடுக்கவில்லை.

இன்னொன்று வரவில்லை, விடிந்துவிட்டது. விரலை எடுத்தார்கள். இழுத்த இமை இழுத்தபடியே நின்றுவிட்டது, விரல் அழுந்திய இடமெல்லாம் கன்றிக் கறுத்துவிட்டது. நாலாம் நாள் பிறந்த பிள்ளையும் அதே உருண்டைக் கண்ணோடு, அதே கறுப்பு வளையத்தோடுதான் பிறந்தது.

"ஏன்டா தேவாங்கு மாதிரி முழிக்கிறே" என்று இன்றைக்கு நாம் யாரை வேண்டுமானாலும் வைதுவிடுகிறோம், தேவாங்கு திருதிருவென்று முழிக்கிறது என்று நமக்கு யார் சொன்னது? அன்று முதல்தான் தேவாங்குகள் ராத்திரி முழுக்க அந்தக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பெண்சாதிக்குச் சரியான பதிலைச் சொல்ல இன்னொன்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.