நடுவில் விட்டுப்போன சொல்

ஏரிக்கரை ஈச்சமரத்தில் நாரப்பன் என்னும் தூக்கணாங்குருவி வசித்தது. தனக்கு மட்டுமன்று, கேட்பவர்களுக்கெல்லாம் அது கூடு பின்னித் தரும். கூட்டின் பின்சுவரில் ஈரக் களிமண்ணை அப்பி, அதன்மேல் ஒரு மின்மினியை அமர்த்தும். அந்த வெளிச்சம் இருக்கும்வரை பாம்பு அந்தப் பக்கம் தலைகாட்டாது. ஆகவே, நாரப்பன் பின்னிய கூட்டுக்கு அக்கரை இக்கரை எங்கும் நல்ல பெயர்.

தினையாள் என்னும் சில்லைக்குருவிக்கு முட்டையிடும் நாள் நெருங்கியிருந்தது. சென்ற மழைக்காலத்தில் அது தானே கட்டிய கூட்டில் இட்ட முட்டைகளையெல்லாம் பாம்பு விழுங்கிவிட்டது. ஆதலால், இம்முறை நாரப்பனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தது.

"தங்கச்சி, கூடு ஆயத்தம். மின்மினியும் வந்து உட்கார்ந்துவிட்டது. நாளைக் காலையில் குடிவந்துவிடு!" என்றது நாரப்பன்.

அன்று மாலை கரிச்சான்குருவி பறந்து வந்தது. எவர் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவதில் அதற்கு நிகர் அதுவே.

"அக்கா, சேதி தெரியுமா? நாரப்பண்ணன் மின்மினியை மாற்றப் போகிறாராம்!"

"யார் சொன்னார்கள்?"

"அவரே தம் மனைவியிடம் சொன்னார். என் காதால் கேட்டேன். இதோ, கேள்!" கரிச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாரப்பனின் குரலில் பேசியது: "இனிப் பின்னும் கூடுகளில் மின்மினியை மாற்றப் போகிறேன்!"

அச்சு அசலாக நாரப்பனின் குரல். சில்லைக்கு ஐயமே எழவில்லை.

"மாற்றிவிட்டு எதை வைப்பாராம்?"

"அது என் காதில் விழவில்லை."

பக்கத்துக் கிளையில் கொட்டை கொறித்துக்கொண்டிருந்த அணில் குறுக்கிட்டது. "வேறு எதை வைப்பார்? ஒளிரும் காளானைத்தான் வைப்பார்! மின்மினியைவிட இரு பங்கு வெளிச்சம். தீனி போட வேண்டாம். சிறகடிக்கும் தொல்லையும் இல்லை!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊகந்தான். என் ஊகம் என்றைக்குத் தப்பியிருக்கிறது?"

"போன மாதம் புதைத்த கொட்டையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாயே!" என்றது கரிச்சான்.

சில்லை சிரிக்கவில்லை. 'ஊரெல்லாம் காளான் கூட்டில் குடியிருக்க, நான் மட்டும் பழைய மின்மினியோடு கிடப்பதா? சற்றுப் பொறுத்தால் புதியதே கிடைக்குமே!' என்று எண்ணியது. நாரப்பனிடமே கேட்டுவிடலாம்தான். ஆனால், பின்னி வைத்த கூட்டைக் குறை சொல்வதாக அது வருந்துமே என்று சில்லை தயங்கியது.

மறுநாள் காலையில், "அண்ணா, இன்றைக்கு நாள் சரியில்லை. நல்ல நாள் பார்த்துக் குடிவருகிறேன்" என்று சாக்குச் சொல்லிவிட்டுத் திரும்பியது.

அணிலின் ஊகமோ கிளைக்குக் கிளை தாவியது. சில்லைக்கான கூட்டில் இருந்த மின்மினியின் காதுக்கு எட்டியபோது, 'வைப்பார்' என்பது 'வைத்துவிட்டார்' என்று ஆகியிருந்தது.

"என்னை மாற்றுவதா? நானே மாறிக்கொள்கிறேன்!" என்று மின்மினி சீறியது. தன் சுற்றத்தையெல்லாம் அழைத்துக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டது.

மழை தொடங்கியது. சில்லைக்கு முட்டையிடும் வேளையும் வந்துவிட்டது. நனைந்த சிறகுடன் ஈச்சமரத்துக்கு ஓடிவந்தது.

"அண்ணா, காளான் வைத்த கூடு எங்கே?"

"காளானா? எந்தக் காளான்?"

"மின்மினியை மாற்றப் போகிறேன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்!"

நாரப்பன் திகைத்தது. "மின்மினியை இடம் மாற்றப் போகிறேன் என்றல்லவா சொன்னேன்! பின்சுவரில் இருப்பதை வாசலருகே வைத்தால், பாம்புக்குத் தொலைவிலேயே வெளிச்சம் தெரியுமே என்று சொன்னேன். மின்மினிகள் ஏன் போயின என்று இப்போதுதான் விளங்குகிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நாள் சரியில்லை என்றாயே, தங்கச்சி!"

மேல்கிளையில் இருந்த கரிச்சான் தலையைச் சொறிந்தது. "இடமா? ஆமாம், அப்போது ஓலை சலசலத்தது. நடுவில் ஏதோ ஒரு சொல் விட்டுப்போயிருக்கும்" என்றது.

வேறு வழியில்லை. இருண்ட கூட்டிலேயே சில்லை நான்கு முட்டைகளை இட்டது. மழை ஓய்ந்ததும் இரை தேடிப் போனது. திரும்பி வந்தபோது பாம்பின் வால் கூட்டுக்கு வெளியே தொங்கியது. சில்லையும் நாரப்பனும் கூக்குரலிட்டுக் கொத்தின. கரிச்சானும் பாய்ந்து வந்து கொத்தியது. பாம்பு விலகி ஓடியது. கூட்டில் ஒரே ஒரு முட்டை எஞ்சியிருந்தது.

சில்லை அதன்மேல் அமர்ந்து அடைகாத்தது. கரிச்சானால் அங்கே சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, அழாதே. மின்மினிகள் திரும்பி வரப் போகின்றனவாம்!"

"யார் சொன்னார்கள்?"

"அக்கரைத் தவளை சொன்னதாக..."

"போதும்! அண்ணா, சற்றுநேரம் என் முட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நானே நேரில் போய்க் கேட்டு வருகிறேன்" என்று சில்லை எழுந்து பறந்தது.

திரும்பி வருவதாக மின்மினிகள் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஆனால், விட்டுப்போன சொல்லைச் சில்லை சேர்த்துச் சொன்னதும், "இடம் மாற்றுவதாகவா சொன்னார்? வாசலருகே என்றால் எனக்கும் காற்று வருமே!" என்றது மின்மினி.

அன்று மாலை, சில்லையின் கூட்டு வாசலில் வெளிச்சம் தெரிந்தது.

பிறர் வாயிலாக வரும் சேதியை நம்பிக் கையில் இருப்பதைக் கைவிடுமுன், சொன்னவரிடமே சென்று கேட்டுத் தெளிதல் வேண்டும்.